குளிர்ச்சிக்கும் கணக்கு வேண்டும்



மூட்டைக்கு இரண்டு ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது என்று காதில் விழுந்தால் அடுத்த மாவட்டத்துக்கு லாரி அனுப்புகிறவர்கள் நாம். எடை போடும்போது தட்டில் ஒட்டிய பருப்பைக்கூடத் தட்டிவிடுகிறவர்கள். கோணி, சணல், சுமைகூலி என்று ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் வைத்திருக்கிறோம். ஆனால் மின் கட்டணம் என்று வரும்போது மட்டும், எவ்வளவு என்று கேட்டு, முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுகிறோம். அதில் எந்த யூனிட் என்ன விலைக்குப் போயிற்று என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நாமும் பார்த்ததில்லை, 2023ஆம் ஆண்டு கோடை வரையில்.

நாம் விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறோம். படித்தது பள்ளி இறுதி வகுப்பு வரைதான். மின்சாரத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பட்ட அனுபவமும், உட்கார்ந்து போட்ட கணக்கும்தான் தகுதி. வேறொன்றும் இல்லை.

ஏ.சி. வந்த கதை

நம் வீட்டம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. 2016 கோடையில் ஒரு நாள் மதியம் அடுப்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். டாக்டர், வெயில் நேரத்தில் குளிர்ந்த அறையில் இருக்கச் செய்யுங்கள் என்றார். மறுநாளே கடைக்குப் போனோம். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இரண்டு டன் மிஷினைக் காட்டி, "பெரிசாப் போட்டுட்டா சீக்கிரம் குளுந்திரும் அண்ணாச்சி" என்றார்கள். சரக்கு வாங்கும்போது பத்து இடத்தில் விலை கேட்கிற நாம், அன்று மறு கேள்வி கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பிள்ளையின் அறைக்கும் ஒன்று மாட்டினோம்.

அதன் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் ஒரு மெக்கானிக் வருவார். "கேஸ் கம்மியா இருக்கு" என்பார். மூவாயிரம் கொடுப்போம். அவரும் போவார், அடுத்த பங்குனியில் வருவார்.

2023 கோடையில் இரண்டு மாதக் கட்டணம் 8,090 ரூபாய் வந்தது. தை, மாசிக்கு நாம் கட்டியது 1,485 ரூபாய்தான். கோபம் வந்துவிட்டது. இனிமேல் பகலில் ஏ.சி. ஓடக் கூடாது, இரவிலும் ஒரு மணி நேரம் போதும் என்று வீட்டில் சத்தம் போட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிட்டோம். வீட்டம்மா மறு பேச்சுப் பேசவில்லை. ஏ.சி.யையே தொடாமல் மூன்று நாள் இருந்தார். நான்காம் நாள் காலையில் மாடிப்படியில் தள்ளாடி உட்கார்ந்தவரை மருமகள் பார்த்துத் தூக்கி வந்து படுக்க வைத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அங்கே கட்டிய பணம் அந்த மின் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு. பணத்தை விடுங்கள். அந்த இரண்டு நாளும் நமக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அன்றுதான் ஒன்று விளங்கியது. வெயில் காலத்தில் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் குளிர்ச்சி ஆடம்பரம் அல்ல. 2024 அக்டோபரில் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. ஆகையால் குளிர்ச்சியை நிறுத்துவது சிக்கனம் ஆகாது. அதே குளிர்ச்சியைக் குறைந்த யூனிட்டில் வாங்குவதுதான் சிக்கனம். கொள்முதல் விலையைக் குறைப்பது நமக்குத் தெரியாத வித்தையா என்ன?

முதலில் ரசீதைப் படியுங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இரண்டு ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தை, மாசியில் 460 யூனிட். கோடையில் 1,140 யூனிட். மின்சாரம் இரண்டரை மடங்கு ஏறியிருக்கிறது, கட்டணமோ ஐந்தரை மடங்கு ஏறியிருக்கிறது. இது எப்படி?

2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின் கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு யூனிட் ரூ.2.25. அதற்கடுத்த 200க்கு ரூ.4.50. கடைசி 100க்கு ரூ.6. ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகட்டும். வேறு அட்டவணைக்குப் போய்விடுவோம். அதில் 2.25 ரூபாய்ப் படியே கிடையாது. 101லிருந்து 400 வரை ரூ.4.50. 500க்கு மேல் ரூ.8, 600க்கு மேல் ரூ.9, 800க்கு மேல் ரூ.10, 1,000க்கு மேல் ரூ.11. அந்த 501க்குக் கட்டணம் 1,958 ரூபாய். ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய்!

அதன் பிறகு விலைகள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. ஆனால் அப்போது படிகளின் அமைப்பு மாறவில்லை. உங்கள் ரசீதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நமக்கு நஷ்டமும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. கடைசியாக ஏறுகிற யூனிட்தான் விலை உயர்ந்த யூனிட். குறைக்கும்போதும் அதுதான் முதலில் குறையும். அடுத்த ஆண்டு, 2024 கோடையில், அதே இரண்டு ஏ.சி.யும் ஓடின. வீட்டம்மா பகலிலும் அறையில்தான் இருந்தார். யூனிட் 780. கட்டணம் 4,370 ரூபாய். குறைந்தது 360 யூனிட், மிச்சமானது 3,720 ரூபாய். அதாவது குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் பத்து ரூபாய்க்கு மேல் கைக்கு வந்தது. எந்தச் சரக்கில் இந்த லாபம் இருக்கிறது?

என்ன செய்தோம்

புது மிஷின் எதுவும் வாங்கவில்லை. முதலில் வீட்டைப் பார்த்தோம்.

நம் வீடு கான்கிரீட் தளம். பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு அதை அறைக்குள் இறக்குகிறது. கீழே ஏ.சி. குளிர்விக்க, மேலே தளம் சூடாக்க, நடுவில் மீட்டர் சுற்றுகிறது. நம் அப்பா காலத்தில் தளத்துக்குச் சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டார்கள், வருடா வருடம் வெள்ளை அடித்தார்கள். அதை நாம் பழம்பாணி என்று விட்டுவிட்டோம். 2024 மாசியில் தளம் முழுவதும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடித்தோம். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டி கட்டினோம். திரையை உள்ளே போடுவதைவிட வெயிலை வெளியிலேயே நிறுத்துவது நல்லது. கதவின் அடி இடுக்குக்கு ரப்பர் பட்டை அடித்தோம். வித்தியாசம் முதல் வாரத்திலேயே காலில் தெரிந்தது. தரை கொதிக்கவில்லை.

அடுத்து மிஷின். இந்த முறை ஐ.டி.ஐ. படித்த ஓர் இளைஞரைக் கூப்பிட்டோம். வந்தவர் அளவுமானியை மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கேஸ் சரியாத்தான் இருக்கு. வெளி யூனிட்ல துவரம்பருப்புத் தூசி அடைச்சுக் கிடக்கு" என்றார். நம் குடோன் பக்கச் சுவரில் அதை மாட்டி வைத்திருந்தோம். மூட்டை தட்டுகிற தூசியெல்லாம் அதன் தகட்டில் அப்பிக் கிடந்தது. அறைக்குள்ளிருந்து எடுக்கிற சூட்டை வெளியே விட அதற்கு வழியில்லை. தண்ணீர் அடித்துக் கழுவி, குடோனுக்கு எதிர்ப்பக்கம் மாற்றி மாட்டிக் கொடுத்தார்.

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. ஏ.சி.யில் உள்ள கேஸ் மண்ணெண்ணெய் போல எரிந்து தீருகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகுகிற இடத்தை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் ஏற்றுவது, ஓட்டை டின்னில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. நாம் ஆறு வருடம் ஊற்றினோம்.

உள் யூனிட்டின் வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பேரன் கழற்றிக் கழுவுகிறான். பத்து நிமிட வேலை.

கடைசியாக ரிமோட். 18இல் வைத்தால் அறை வேகமாகக் குளிரும் என்பது பலருக்கும் உள்ள நம்பிக்கை. அது தவறு. 18 வைத்தாலும் 26 வைத்தாலும் அறை 26க்கு வருகிற நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். 18இல் வைத்தால் மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.க்கள் போட்டவுடன் 24இல் நிற்கும்படி செய்யப்பட்டிருப்பதும் இதற்காகத்தான். நாம் 26இல் வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாகச் சுற்ற விடுகிறோம். வீட்டம்மாவுக்குப் போர்வைகூட வேண்டியிருக்கிறது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

டன் என்றதும் நமக்கு இருபது மூட்டை சர்க்கரை ஞாபகத்துக்கு வரும். ஏ.சி. டன் வேறு. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் அறையிலிருந்து இறைத்து வெளியே தள்ளுகிற சக்தி அது. சிறிய அறைக்குப் பெரிய மிஷின் போட்டால், அந்தப் பழைய மாதிரிகள் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், உடனே மறுபடி கிளம்பும். காற்றில் உள்ள ஈரத்தை எடுக்க நேரம் இராது. குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். நமக்கு நடந்தது அதுதான். அறையின் அளவு, மேலே வெயில் படும் தளமா, எத்தனை பேர் படுப்பார்கள் என்பதைச் சொல்லிவிட்டு டன்னைக் கேளுங்கள்.

நட்சத்திர முத்திரையைப் படிக்கும்போது, அதில் எந்தக் காலத்துக்கு உரியது என்று போட்டிருப்பதையும் பாருங்கள். காலாவதித் தேதி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 2018 ஜனவரியிலும் 2022 ஜூலையிலும் அளவுகோலை இறுக்கினார்கள். 2022 ஜூலைக்கு முன் ஐந்து நட்சத்திரமாக இருந்தது அதன் பிறகு நான்காகிவிட்டது. பழைய இருப்பைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் காரணம் இருக்கும்.

எத்தனை நட்சத்திரம் வாங்குவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. முத்திரையில் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் அதில் 200 யூனிட் வித்தியாசம், விலையில் 8,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் 600 யூனிட்டுக்கு மேல் போகிற வீட்டில், 2022 விலைப்படி ஒரு யூனிட் 9 ரூபாய். ஆண்டுக்கு 1,800 மிச்சம். நாலரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். 400 யூனிட்டுக்குள் நிற்கிற சிறு குடும்பத்துக்கு அதே 2022 விலைப்படி ஒரு யூனிட் நாலரை ரூபாய்தான். மிச்சம் 900. பணம் திரும்ப ஒன்பது வருடம். ஆகவே அதிகம் ஓட்டுகிறவர் ஐந்து வாங்கட்டும். வருடத்தில் நாற்பது நாள் ஓட்டுகிறவர் மூன்றிலேயே திருப்தி அடையலாம். அந்த 8,000 ரூபாயில் தளத்துக்கு வெள்ளை அடித்தால் அதைவிட லாபம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியிருக்கிறது. விலையில் இறக்கிக் கொடுக்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வாங்குகிற ஏ.சி.யைக் கடை எண்ணில் பில் போட்டு வரி வரவு எடுப்பது தவறு. அதுபோல, வீட்டு மீட்டரிலிருந்து கடைக்கு ஒரு வயர் இழுப்பதும் குற்றம். பிடித்தால் இரட்டிப்புக் கட்டணம். இவை சிக்கனத்தில் சேராது.

கடைப் பக்கம்

மளிகைக் கடைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். கடை இணைப்பில் இலவச யூனிட் கிடையாது. 100 யூனிட்டைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் 2022 செப்டம்பரிலேயே ரூ.9.50. தயிர், பால், ஐஸ்கிரீம் வைக்கிற குளிர்பெட்டி இரவும் பகலும் ஓடுகிறது. கதவின் ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் கழன்று வந்தால், அந்த நோட்டைப் போல் எத்தனையோ நோட்டு அந்த இடுக்கு வழியாகத் தினமும் போகிறது. ரப்பரை மாற்றுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்காதீர்கள். கம்பெனிக்காரர் இலவசமாக வைத்துவிட்டுப் போகிற பெட்டியாக இருந்தாலும் மின்சாரம் நம்முடையது. அதில் விற்கிற லாபம் அந்தக் கட்டணத்தைத் தாண்டுகிறதா என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

மானியம் வாங்குவது எப்படி

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தது. வீட்டு மாடியில் சோலார் போட்டால், 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மத்திய அரசின் மானியம். 2026-27 நிதியாண்டு வரை என்று அறிவித்திருக்கிறார்கள். இது வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கிற நம் போன்றவர்கள், வீட்டு மீட்டருக்குத்தான் விண்ணப்பிக்க முடியும்.

நாமும் விண்ணப்பிக்கப் போனோம். இணைப்பு யார் பெயரில் என்று கேட்டார்கள். நம் அப்பா பெயரில். அவர் காலமானது 1998. இருபத்தாறு வருடமாக அவர் பெயரில் ஒரு மாதம் தவறாமல் கட்டணம் கட்டியிருக்கிறோம், பெயர் மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. வாரிசுச் சான்று, கோயம்புத்தூர்த் தம்பியின் சம்மதம், தூத்துக்குடித் தங்கையின் சம்மதம் என்று அலைந்து முடிக்க நாலு மாதம் ஆயிற்று. தவறு நம்முடையது. கூட்டுக் குடும்பச் சொத்து உள்ள வணிகர் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். சோலார் போடுகிறீர்களோ இல்லையோ, பெயரை இன்றே மாற்றிவிடுங்கள். கையெழுத்துப் போட எல்லாரும் நல்லபடி இருக்கும்போதே செய்வது நல்லது.

அரசின் தளத்தில் பதிவு, மின்வாரியத்தில் அனுமதி, பதிவு பெற்ற நிறுவனத்திடம் வேலை, இருவழி மீட்டர், பரிசோதனை என்று வரிசையாக நடக்கும். மானியம் நிறுவனத்துக்குப் போகாது, நம் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியம் வாங்கித் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்" என்று போனில் பேசுகிறவரை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். நம்மிடம் ஒருவர் 2,05,000 கேட்டார், இன்னொருவர் அதே 3 கிலோவாட்டை 1,85,000க்கு முடித்தார். மானியம் போக நமக்கு நின்றது 1,07,000.

ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தருகிறது. 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 720 யூனிட். பகலில் நாம் கம்பிக்குக் கொடுத்தது இரவில் எடுத்ததில் கழிகிறது. நம் கணக்குப்படி ஆறேழு வருடத்தில் முதல் திரும்பிவிடும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முன்பு போல் 1,140 யூனிட் செலவழித்துக்கொண்டிருந்தால் நமக்கு 5 கிலோவாட் வேண்டியிருக்கும். மானியமோ அதே 78,000தான். முதலில் செலவைக் குறைத்ததால் மூன்றிலேயே முடிந்தது. வரிசை மாறக் கூடாது. முதலில் வீடு, பிறகு மிஷின், அதன் பிறகு மானியம்.

இன்னொரு விஷயம். இப்படிக் கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிற ஆளைக் காப்பாற்ற அப்படி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள். இரண்டு மாதத்தில் 300 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டுக்குச் சோலார் அவசரமும் இல்லை. அவர்கள் கட்டுவதே சொற்பம்.

சங்கம் செய்ய வேண்டியது

நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள். முதலாவது, பெயர் மாற்றத்துக்கும் சோலார் விண்ணப்பத்துக்கும் மாதம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் உதவி மேஜை போட வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த நம் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். இரண்டாவது, ஐம்பது உறுப்பினர் சேர்ந்து வெள்ளைப் பூச்சோ சோலாரோ மொத்தமாகக் கேட்டால் விலை இறங்கும். மொத்தக் கொள்முதல் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்றாவது, தில்லியில் மின் விநியோக நிறுவனங்கள் பழைய ஏ.சி.யைக் கொடுத்துவிட்டு அதிக நட்சத்திர ஏ.சி. வாங்குகிறவர்களுக்குப் பெரிய தள்ளுபடி தரும் திட்டத்தை நடத்தியிருக்கின்றன. மின்சாரம் மிச்சமானால் மின்வாரியத்துக்கும் உச்ச நேரச் சுமை குறைகிறது. அதே திட்டத்தைத் தமிழகத்திலும் கொண்டு வர வேண்டும், வீட்டுக்கு மட்டுமல்லாமல் சிறு கடைகளின் குளிர்பெட்டிக்கும் தர வேண்டும் என்று நாம் மனுக் கொடுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு கடை அடைத்து வீட்டுக்குப் போனதும் கடைசி மூன்று மின் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பிறகு ரிமோட்டை 26க்கு மாற்றுங்கள். நிறுத்தச் சொல்லிச் சத்தம் மட்டும் போடாதீர்கள். அந்தச் சிக்கனத்தின் விலை என்னவென்று நமக்குத் தெரியும்.